புது எலெக்ட்ரிக் கிராஸ்ஓவர், மூன்று வாரம்: எனக்குச் சொகுசு, பின்சீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல்

பொங்கோல்வாசி

வண்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. மீட்டரில் 1,080 கிலோமீட்டர். பிராண்ட் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்ன மறுநிமிடமே சீன வண்டியா ஜப்பான் வண்டியா என்ற சண்டை தொடங்கிவிடும், நான் கேட்க வந்தது காணாமல் போகும். ஐந்து பேர் உட்காரும் எலெக்ட்ரிக் கிராஸ்ஓவர். மோட்டார் சக்தி 110 கிலோவாட்டுக்குள் இருப்பதால் சிஓஇ-யில் (சிங்கப்பூரில் வண்டி வைத்துக்கொள்ள எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) ஏ பிரிவு. 19 அங்குலச் சக்கரம், மேலே முழுக் கண்ணாடிக் கூரை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

வீட்டில் நான், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி. பழைய செடானில் ஏறக் குனிய வேண்டும், இறங்க யாராவது இரண்டு கையும் கொடுக்க வேண்டும். கிராஸ்ஓவர் என்று முடிவெடுத்ததே அதற்காகத்தான். அந்த விஷயத்தில் குறையே இல்லை. புடவையோடு அப்படியே உட்கார்ந்து, காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொள்கிறார்.

ஓட்டுகிற எனக்கும் குறை இல்லை. தினமும் கேபிஇ, எம்சிஇ விரைவுச்சாலைகள் வழியாக அலெக்சாண்ட்ரா பக்கம் வேலைக்குப் போகிறேன். கேபிஇ சுரங்கம் மட்டும் 9 கிலோமீட்டர். பழைய வண்டியில் உள்ளே நுழைந்ததும் வானொலிச் சத்தத்தைக் கூட்டுவேன், இதில் கூட்டியதில்லை. மனைவி பக்கத்தில் முணுமுணுத்தால்கூடக் கேட்கிறது (இது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை).

பிரச்சினை எல்லாம் பின்னால். புளோக் முன்னால் இருக்கும் ஹம்ப்பில் (வேகத்தடை), பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு தளத்திலும் வரும் இணைப்புப் பட்டையில், பின்சீட்டில் ‘டம்’ என்று அடிக்கிறது. எனக்கு முன்னால் அதில் பாதிதான் தெரிகிறது. அதைவிட மோசம், 20 நிமிடம் போனால் அம்மாவுக்குத் தலை சுற்றி, குமட்டல் வந்துவிடுகிறது. பழைய செடானில் ஒருநாளும் இப்படி இல்லை. போன ஞாயிறு தங்கை வீட்டுக்கு ஜூரோங் போகும்போது டிக்கியில் வைத்த ரசம் பாதி கொட்டிவிட்டது. பிஐஇ விரைவுச்சாலையை விட்டு இறங்குவதற்குள் வண்டி முழுக்கப் பூண்டு வாசம்.

சிஓஇ 10 வருடத்துக்குக் கட்டியாகிவிட்டது. ‘இதுக்குப் பழசே தேவலை’ என்று அம்மா ஒருமுறைதான் சொன்னார். அதுவே போதும். என்ன செய்யலாம்?

பெட்ரோல்பக்தன்

பெயர் சொல்லாத வண்டிக்கு வைத்தியமா? சரி போகட்டும். எடைதான் காரணம். அந்த அளவு எலெக்ட்ரிக் வண்டி 1,700 கிலோவுக்கு மேல் வரும். அதே அளவு பெட்ரோல் வண்டி 1,400 பக்கம் நிற்கும். எடையைத் தாங்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவார்கள், இடுப்பு உடையும். என்னிடம் இருப்பது கொரோலா கிராஸ் ஹைபிரிட். பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கும் சாதாரண டார்ஷன் பீம்தான், மெத்தென்று போகிறது. எலெக்ட்ரிக் வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

டயர்ப்பித்தன்

எடை, பீம் எல்லாம் அப்புறம். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது?

புது வண்டி கப்பலில் வரும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்து அனுப்புவார்கள், வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயர் அடியில் தட்டையாகிவிடக் கூடாது என்பதற்காக. இங்கே உங்களிடம் ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் சாவியைக் கொடுத்த கதைகள் எனக்குத் தெரிந்தே மூன்று. ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். ஓடிவந்து பெட்ரோல் நிலையத்தில் அளந்தால் சூட்டில் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும், குழம்பிப் போவீர்கள்.

இன்னொன்று, 19 அங்குலம் என்றீர்கள். டயரில் என்ன எழுதியிருக்கிறது? 235/45 ஆக இருந்தால் (அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 45 சதவீதம்) டயரின் பக்கச்சுவர் உயரம் 106 மில்லிமீட்டர்தான். அதே வண்டி 17 அங்குலத்தில் 215/60 போட்டு வந்திருந்தால் 129. அந்த 23 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் ஹம்ப்பில் உங்கள் அம்மாவின் மூட்டுக்கு மெத்தை. பெரிய சக்கரம் புகைப்படத்துக்கு நல்லது.

வாடகைவண்டி_மாமா

தம்பி, நான் தினம் பத்து மணி நேரம் ஓட்டுகிறவன். எலெக்ட்ரிக்குக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. மாறிய முதல் மாதம் இரண்டு பயணிகள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார்கள். ஒருவர் நிறுத்தச் சொல்லவில்லை, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

டயரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. என் கால். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் வண்டி உருண்டுகொண்டே போகும். இதில் காலை எடுத்ததும் ரீஜென், அதாவது மோட்டாரே பிரேக்காகி மின்சாரத்தைத் திருப்பி எடுப்பது, பிடித்து இழுக்கும். திரும்ப மிதித்தால் குபீரென்று பாயும். ஓட்டுகிறவனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், உடம்பு தயாராக இருக்கும். பின்னால் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவருக்குத் தெரியாது, தலை முன்னும் பின்னும் ஆடும். ரீஜென்னைக் குறைந்த அளவில் வை. பிரேக்கைத் தொடாமல் ஒரே மிதியில் ஓட்டும் ஒற்றை மிதி ஓட்டம் வேண்டாம். சாதாரண மோடில்கூட வேண்டாம், ஈகோவில் ஓட்டு, மிதி மெதுவாகும். ஒரு வாரம் பார்.

அதிர்வுக்காரன்

மாமா சொல்வதில் அறிவியல் இருக்கிறது. வேலையில் அதிர்வு அளப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘சொகுசு இல்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு வேறு நோய்கள். வினாடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் வரும் அதிர்வு உடம்பைக் குலுக்கும், வயிற்றையும் முதுகையும் பிடிக்கும். வாந்தி அதனால் வருவதில்லை. வாந்தியைக் கொண்டுவருவது மிக மெதுவான ஆட்டம், ஐந்து வினாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் வருவது. கப்பலில் குமட்டுவதும் அதனால்தான். உடம்பதிர்வை அளக்கும் ஐஎஸ்ஓ 2631 தரமே இந்த இரண்டையும் தனித்தனியாக எடைபோடுகிறது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓட்டினால் முன்னும் பின்னுமாக அந்த மெதுவான தாளத்திலேயே ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆக, ‘டம்’ ஒரு பிரச்சினை, தலைசுற்றல் வேறு பிரச்சினை. ஒரு மருந்தில் இரண்டும் தீராது.

முன்னால் பாதி தெரிகிறது என்றீர்களே, அதற்கும் காரணம் உண்டு. முன்னிருக்கை இரண்டு அச்சுக்கும் நடுவில், பின்னிருக்கை ஏறக்குறைய பின் அச்சின் தலைமேல். ஏறி இறங்கும் சீ-சா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கும் நுனியில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்.

பெட்ரோல்பக்தன் எடையைச் சொன்னதில் பாதி சரி. இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும்: ஐந்து பேரும் சாமானும் ஏற்றினாலும் அடி தட்டாதபடிதான் பின் ஸ்பிரிங்கை வடிவமைப்பார்கள். அதனால் பின்னால் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் கெட்டியாகத் தெரியும். முழுக் குடும்பமும் ஏறினால் அதே வண்டி பதமாகிவிடும்.

பின்சீட்டுக்காரி

எல்லா ஆண்களும் சேர்ந்து ஸ்பிரிங் கணக்குப் போடுகிறீர்கள். ஒரே ஒரு கேள்வி. பொங்கோல்வாசி, உங்கள் வண்டியின் பின்சீட்டில் நீங்கள் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். டெஸ்ட் டிரைவ் அன்று கணவர் ஓட்டினார், விற்பனையாளர் பக்கத்தில், நான் பின்னால். புதிதாகத் தார் போட்ட ஒரு சாலையில் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ‘எப்படி இருக்கு?’ என்று என்னைக் கேட்டது வண்டியை நிறுத்திய பிறகு, அதுவும் விற்பனையாளர்.

முழங்காலைப் பாருங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் தரை உயர்ந்துவிடும், இருக்கையை அதே அளவு உயர்த்த மாட்டார்கள், கூரை இடிக்கும். விளைவு, முட்டி மேலே தூக்கி நிற்கும், தொடைக்குக் கீழே இருக்கை தொடாது. உடம்பின் கனம் முழுக்க இடுப்பெலும்பில் இறங்கும். அப்படி உட்கார்ந்தவருக்கு ஹம்ப் வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் மாமியாருக்கு முன்சீட்டுக்கு அடியில் பாதத்தை நீட்ட இடம் கிடைத்ததும் பாதிக் குறை போய்விட்டது. முன்சீட்டை ஒரு படி உயர்த்தினோம், அவ்வளவுதான்.

பொங்கோல்வாசி

அக்கா, நேர்மையாகச் சொல்கிறேன்: பூஜ்யம் நிமிடம்.

இன்று காலை அளந்தேன். ஸ்டிக்கரில் 250 கேபிஏ, அதாவது 36 பிஎஸ்ஐ. வண்டியில் இருந்தது நான்கு சக்கரத்திலும் 310 கேபிஏ, 45 பிஎஸ்ஐ! மூன்று வாரமாகப் பலூன் மேல் ஓட்டியிருக்கிறேன். ஒப்படைக்கும்போது ‘எல்லாம் சரிபார்த்தாயிற்று’ என்று டிக் போட்ட தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் பெரிய திரையில் தமிழ்ப் பாட்டு வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். யாரைக் குறை சொல்ல? டயர் அழுத்தம் திரையில் ஒரு மெனுவுக்குள் தெரியும் என்பதையே இன்றுதான் கண்டுபிடித்தேன்.

36-க்கு இறக்கிவிட்டு, மனைவியை ஓட்டச் சொல்லி, அம்மா உட்காரும் இடது பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்திலிருந்து கீழே, எஸ்டேட்டைச் சுற்றி, கேபிஇ, திரும்ப வீடு.

‘டம்’ போய் ‘தம்’ ஆகிவிட்டது. போகவில்லை, ஆனால் முதுகுத்தண்டு வரை ஏறுவதில்லை. பட்டைகள்மேல் போகும்போது முன்பு வந்த சலசல ஒலி பாதியாகிவிட்டது. முட்டி விஷயம் நூற்றுக்கு நூறு. முன்பயணி சீட்டை உயர்த்தியதும் பாதம் அடியில் போனது, தொடை இருக்கையில் படிந்தது.

குமட்டல்தான் அதிசயம். மனைவி எப்போதும் ஒற்றை மிதியில் ஓட்டுவார். எட்டாவது நிமிடத்தில் எனக்கே ஏப்பம் வர ஆரம்பித்தது! ரீஜென்னைக் குறைத்து ஈகோவில் வைக்கச் சொன்னேன், பத்து நிமிடத்தில் சரியானது. மனைவி ‘என் ஓட்டத்தையா குறை சொல்கிறீர்கள்’ என்றார். மாமா சொன்னார் என்று சொல்லித் தப்பித்தேன்.

வாடகைவண்டி_மாமா

என் பெயரை வீட்டுச் சண்டையில் இழுக்காதே தம்பி.

அமைதிப்பிரியன்

வண்டி சத்தம் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தலைப்பில் ‘சொகுசு’ என்று பார்த்து அதற்காகத்தான் வந்தேன். என் வண்டியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனில் அளந்தேன், 61 டெசிபெல். உங்களுடையது எவ்வளவு?

பொங்கோல்வாசி

அதே 80-இல் 63, 64 காட்டியது. ஆனால் கேபிஇ-யில் ஒரு மாதிரி, தெம்பனிஸ் விரைவுச்சாலையில் கரடான தார் வரும் இடத்தில் வேறு மாதிரி. அங்கே பின்னாலிருந்து ஒரு ‘ஊம்’ சத்தம், அண்டாவுக்குள் பேசுவதுபோல. எண் அதிகம் மாறவில்லை, காதுக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது.

அதிர்வுக்காரன்

அந்த ‘ஊம்’ என்பது 200 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலி. டயருக்குள் இருக்கும் காற்று வளையமே மத்தளம்போல ஒலிப்பது. எஞ்சின் இருந்தபோது அதன் சத்தம் இதை மூடிமறைத்தது, எஞ்சின் போனதும் அம்பலமாகிவிட்டது. சில டயர்களின் உள்பக்கம் நுரைப்பஞ்சு ஒட்டி வருவது இதற்காகத்தான்.

போன் எண்ணை வைத்துப் போட்டி போடாதீர்கள். போனுக்குப் போன் மைக் வேறு. தவிர, அந்தச் செயலிகள் பொதுவாகக் காட்டும், காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய ஏ-எடை டெசிபெல் 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 19 டெசிபெல் குறைத்தே எண்ணும். தலையைக் கனக்க வைக்கும் தாழ்ந்த உறுமல் அந்த எண்ணில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். ஒரே போனை வைத்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில் உங்கள் இரண்டு வண்டியையும் ஒப்பிட்டால் ஏதோ அர்த்தம் உண்டு.

டயர் லேபிளில் டெசிபெல் போட்டிருக்கிறதே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அது வண்டிக்கு வெளியே, சாலையோரம் நிற்பவருக்குக் கேட்கும் சத்தம். உங்கள் அம்மாவுக்குக் கேட்பது அல்ல.

பெட்ரோல்பக்தன்

எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம் கேட்கிறது என்றால், எஞ்சின் இருப்பதே நல்லது என்றுதானே ஆகிறது?

டயர்ப்பித்தன்

மிக்ஸி ஓடும்போது மின்விசிறிச் சத்தம் கேட்காது. அதற்காக மிக்ஸியை ஓட விட்டுத் தூங்குவீர்களா அண்ணே?

செங்காங்_சுதந்திரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கண்ணாடிக் கூரை எப்படி? மழையில் சத்தமா? வெயிலில்? நாங்களும் அப்படியொன்று பார்த்து வைத்திருக்கிறோம்.

பொங்கோல்வாசி

கனமழையில் தகர ஷெட் சத்தம் இல்லை, ஆனால் அமைதி என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு அண்ணாந்து மழையைப் பார்க்கப் பிடிக்கிறது. வெயில்தான் தொல்லை. மதியம் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு வந்தால் உச்சந்தலையில் சூடு இறங்கும், ஏர்கானின் பின் துவாரம் அம்மாவின் முட்டியைக் குளிர வைக்கும். தலை வேகிறது, கால் விறைக்கிறது என்றார். மடக்கித் திறக்கும் துணித் திரை ஒன்று வாங்கி மாட்டினேன், தீர்ந்தது. பக்கக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவதானால் முன்பக்கம் 70 சதவீதம், பின்பக்கம் 25 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்ற விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல்வாசி

மலேசியாவில் மலாக்கா வரை போய்வந்த கதை. சனிக்கிழமை விடியற்காலை துவாஸ் வழியாகக் கிளம்பினோம். சின்னவன் குழந்தை இருக்கையில் வலது பக்கம், பெரியவள் இன்னும் 1.35 மீட்டரைத் தொடாததால் நடுவில் பூஸ்டரில், அம்மா இடது பக்கம். மூன்று பேர் தோளோடு தோள். தரை சமமாக இருப்பதால் நடுவில் கால் வைக்க மேடு இல்லை, ஆனால் நடு இருக்கை மற்ற இரண்டையும்விடக் கெட்டி. பெரியவள் அதைப் பாகோ ஓய்விடம் வரை மூன்று முறை எடுத்துச் சொன்னாள்.

ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. அதிர்வுக்காரன் சொன்னது அப்படியே நடந்தது. பாலத்து இணைப்புகளில் ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்குகிறது, இரண்டாவது குதி இல்லை. இங்கே ஹம்ப்பில் பட்ட எரிச்சல் எல்லாம் அங்கே மறந்தே போனது.

ஆனால் 110-இல் காற்றுச் சத்தம்! சிங்கப்பூரில் 90-க்கு மேல் போனதே இல்லையா, தெரியவே இல்லை. நெடுஞ்சாலையில் பக்கக் கண்ணாடி ஓரத்திலிருந்து ‘உஸ்’ என்று ஒரு குழாய் திறந்ததுபோல. கதவு ரப்பர் சரியில்லையோ என்று ஒருமுறை நிறுத்தித் தடவிக்கூடப் பார்த்தேன்.

அதிர்வுக்காரன்

ரப்பரில் குறை இருந்தால் 90-இலேயே விசில் அடித்திருக்கும். காற்றொலி வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறும். 90-இலிருந்து 110 போனால் சுமார் 5 டெசிபெல் கூடும். வண்டி மாறவில்லை, வேகம்தான் மாறியது. 100-இல் வைத்துப் பாருங்கள், கூடியதில் ஏறக்குறைய பாதி அடங்கிவிடும்.

பொங்கோல்வாசி

திரும்பி வரும்போது 100-இல்தான் வந்தேன். சரியாகச் சொன்னீர்கள். லாரிகள்தான் பின்னால் வந்து விளக்கடித்தன.

பின்சீட்டுக்காரி

அதெல்லாம் இருக்கட்டும். அம்மா என்ன சொன்னார்?

பொங்கோல்வாசி

போகும்போது மச்சாப் தாண்டும் முன்பே தூங்கிவிட்டார். பாகோவில் எழுப்பினால் ‘அதுக்குள்ளயா?’ என்றார். குமட்டல் இல்லை. இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து இறங்கியதும், ‘ஓரத்துல இருக்குற பலகை அகலமா இருக்கு, புடவையெல்லாம் அழுக்கு’ என்று காட்டினார். பார்த்தால் உண்மைதான். கதவின் அடிப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஈரச் சாலையின் சேறு முழுக்க அங்கே, இறங்கும்போது கொசுவம் அதில் உரசுகிறது. எந்த வண்டி விமர்சனத்திலும் இதைப் படித்ததில்லை.

டயர்ப்பித்தன்

17 அங்குலத்துக்கு மாறப் போகிறீர்களா இல்லையா? உங்கள் மாடலுக்கே நிறுவனம் 17 தருகிறது என்றால் பிரேக் இடிக்காது, பயப்பட வேண்டாம். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் குறையாமல் மட்டும் பாருங்கள், எடை அதிகமான வண்டி.

பொங்கோல்வாசி

இப்போது இல்லை. இருக்கும் டயர் புதுசு, தூக்கிப் போட மனம் வரவில்லை. தேயட்டும், அப்போது 17-உம் நுரை வைத்த டயரும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த ‘ஊம்’ மட்டும் இன்னும் இருக்கிறது. கரடான தார் வந்தால் நானே தடம் மாற்றிக்கொள்கிறேன்.

வாடகைவண்டி_மாமா

தம்பி, எல்லாம் சொன்னாய். அந்த ரசம்? காற்றைக் குறைத்த பிறகும் கொட்டுகிறதா?

பொங்கோல்வாசி

அது வண்டி செய்த வேலை இல்லை மாமா. தூக்குச்சட்டி மூடியின் ரப்பர் வளையம் எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரியிலேயே கிடந்தது. நேற்றுதான் மனைவி கண்டெடுத்தார்.